கொட்டாப்புளி எங்கே என்று கேட்டார் பெரியப்பா

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் போய்விட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குவாளி, ரவி வர்மா படம் என்று நிமிர்ந்து பார்த்தபடியே நடப்பார்கள். எனக்கு வாசலோரம் தரையில் கிடக்கிற இரும்புச் சட்டிதான் வேண்டும். பூட்டில்லாத சாவி, சாவியில்லாத பூட்டு, பாக்குவெட்டி, கைப்பிடி போன அரம், தராசு முள் எல்லாம் அதற்குள் கிடக்கும். அந்தக் கடைக்காரத் தம்பி நான் எவ்வளவு நேரம் கிளறினாலும் முகம் சுளிக்க மாட்டான்.

ஆடி மாதம் முதல் வாரம் அது. எனக்குத் தொழில் டிடிபி, கணினியில் பக்கம் அமைக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் என்று 26 வருடமாகத் தமிழ் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆடி பிறந்தால் பத்திரிகை வேலை சுத்தமாக நின்றுவிடும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் வரத் தொடங்கும்வரை கொஞ்சம் மூச்சுவிடலாம். அப்படி ஒரு மத்தியானம், ஒரு பெரிய பீரோவில் கை ஊன்றிக் குனிந்து சட்டியைக் கிளறியபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது.

ஒரு சாண் நீள இரும்பு. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு முனை உருண்டு தடித்து, உள்ளங்கையில் பொருந்துகிற மாதிரி. அங்கிருந்து கீழே போகப் போகத் தட்டையாகி, நுனியில் படிக்கட்டில் ஒரு படி வெட்டியதுபோல் ஒரு பள்ளம். பள்ளத்தின் ஒரு உதடு நீளம், மற்றது குட்டை. கூர் எங்கேயும் இல்லை. எழுத்தோ முத்திரையோ எதுவும் இல்லை. மொத்தமும் கறுப்பு, ஆனால் துருவின் கறுப்பு இல்லை.

"என்ன தம்பி இது?"

"ஆசாரி உளிக்கா. முனை போயிருச்சு. எடுத்துக்கங்க, 300 குடுங்க."

முனை போன உளிக்கு 300 ரூபாயா என்று கேட்டு 200-க்கு வாங்கி வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று வீட்டில் கேட்டார்கள். கையில் பிடித்தால் வைக்க மனசு வரவில்லை. அதைவிட வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மர ஆசாரி இருக்கிறார். பழைய வீட்டுக் கதவு நிலைகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறவர். அவரிடம் காட்டினேன். வாங்கியதும் நுனியைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார்.

"இது உளி இல்லைங்க. உளின்னா மேல அடிபட்டு இரும்பு பூ மாதிரி விரிஞ்சிருக்கும். இதுல ஒரு சுத்தி அடிகூட விழுந்ததில்லை. ஆனா தேஞ்சிருக்கு பாருங்க. மரத்தால அடிச்சிருக்காங்க."

இரும்பை மரத்தால் அடிக்கிற வேலை என்ன வேலை? அவருக்கும் தெரியவில்லை. தச்சு வேலையில் இப்படி நுனி வெட்டிய சாமான் எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். வீட்டுக்காரர் ஆணி பிடுங்குவது என்றார். ஆணி பிடுங்குவதற்கு நுனி பிளந்திருக்க வேண்டும், நெம்புவதற்கு வளைவு வேண்டும். இதில் பிளவும் இல்லை, வளைவும் இல்லை. மாமியார் தேங்காய் உரிக்கிற ஏதோ ஒன்றின் துண்டு என்றார்கள். அதற்கு இந்தப் பள்ளம் எதற்கு?

இரண்டு நாள் கழித்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். துணியில் பிசுபிசுவென்று கறுப்பு இறங்கியது. அடுப்புக்கரி கிடையாது, கிரீஸ் கிடையாது, வழவழப்பான நல்ல கறுப்பு. துடைத்ததை மேசையில் கிடந்த வெள்ளைத் தாளின்மேல் வைத்துவிட்டு, பிறகு நகர்த்தியபோது நுனிப் பக்கம் தாளில் ஒரு கோடு இழுத்தது. பென்சில் கோடுபோல் சாம்பல் நிறம். இரும்பு தாளில் எழுதாது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பள்ளத்தின் நீளமான உதட்டுக்கு வெளிப்பக்கம், நகம் அளவுக்கு, வெள்ளியும் சாம்பலும் கலந்த ஒரு தீற்றல் இரும்பில் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மெத்தென்று வந்தது.

ஈயம்.

ஈயமும் கறுப்பு மையும் ஒன்றாக இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மறுநாள் காலை கோட்டையூருக்குக் கிளம்பிவிட்டேன்.

கோட்டையூரில் எங்கள் பெரியப்பா இருக்கிறார். 78 வயது. பதினாலு வயதில் காரைக்குடியில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்து, ஆஃப்செட் வந்து அச்சுக்கோக்கும் வேலை அற்றுப்போகும்வரை கம்போசிட்டராக இருந்தவர். கையில் தாளைக் கொடுத்தால் இன்றைக்கும் முதலில் ஒற்றுப்பிழையைத்தான் பார்ப்பார். என்னுடைய பத்திரிகைகளில் பாதியை அவர்தான் திருத்தியிருக்கிறார்.

போனதும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பெரியப்பா, இது என்னன்னு பாருங்க" என்றேன். கண் சரியாகத் தெரியாது, ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு கண்ணில் மங்கல். அவர் பார்க்கவே இல்லை. இடது கையில் வாங்கினார். வாங்கின கை தானாகச் சாய்ந்தது. கட்டைவிரல் இரும்பின் முதுகில் நீளவாக்கில் படுத்துக்கொண்டது, நுனி மேசையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வலது கை பக்கத்தில் எதையோ தேடித் துழாவியது.

"கொட்டாப்புளி எங்கத்தா?"

கொட்டாப்புளி என்றால் மரச்சுத்தியல். கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது என்று நினைக்கிறேன். இரும்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நுனிப் பள்ளத்தில் விரல் வைத்தார். "அடடா, இதை எங்க புடிச்ச? இது ஆப்பு அடிக்கிறதுத்தா. ஷூட்டிங் ஸ்டிக்."

காரைக்குடியில் ஷூட்டிங் என்றால் சினிமா எடுப்பதுதான். இந்த வார்த்தையை அச்சகத்தில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கம்போசிங் ஸ்டிக் தெரியும், எழுத்துகளை வரிவரியாகக் கோக்கிற கைத்தட்டு. அந்த ஸ்டிக் எல்லோருக்கும் தெரியும். இந்த ஸ்டிக்கைப் பற்றி 26 வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் பேசியதில்லை.

பெரியப்பா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கோத்து முடித்த பக்கம் என்பது தனித்தனி ஈயத் துண்டுகளின் கூட்டம்தான். ஈயத்தோடு ஆன்டிமனியும் தகரமும் சேர்த்து வார்த்த எழுத்துகள். ஒவ்வொன்றும் 0.918 அங்குல உயரம். ஒட்டு இல்லை, ஆணி இல்லை. ஒரு புத்தகப் பக்கத்துக்கு மூன்று கிலோ கிட்ட வரும். அதை இரும்புச் சட்டத்துக்குள், அதாவது சேஸுக்குள் வைத்து, சுற்றிலும் மரக்கட்டைகள் அடுக்கி, சட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மர ஆப்புகளைச் சொருகி இறுக்க வேண்டும். பக்கக் கட்டைகள் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். ஆப்பும் சாய்வு. குறுகுகிற பக்கமாக ஆப்பைத் தள்ளத் தள்ள மொத்தமும் இறுகும். அந்த இறுக்கம் மட்டும்தான் அத்தனை எழுத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்படி இறுக்கிய சட்டத்தைத்தான் ஃபாரம் என்பார்கள்.

ஆப்பைக் கொட்டாப்புளியால் நேரடியாக அடிக்க முடியாது. அது எழுத்தைவிடத் தாழ்வாக, சட்டத்தை ஒட்டிப் பள்ளத்தில் கிடக்கும். மரச்சுத்தியலை இறக்க இடமில்லை. தப்பித் தவறி எழுத்தின் முகத்தில் பட்டால் தீர்ந்தது. அதனால்தான் இந்த இரும்பு. நுனியில் வெட்டிய படி ஆப்பின் மூலையைக் கவ்விக்கொள்ளும். சாய்த்துப் பிடித்து, தலையில் மரச்சுத்தியலால் தட்டினால் ஆப்பு நகரும், இரும்பு வழுக்காது. கழற்றும்போது அதே இரும்பு, எதிர்ப்பக்கத்திலிருந்து. ஆசாரி கண்ட தேய்மானத்துக்குக் காரணம் அந்தக் கொட்டாப்புளிதான். மரம் இரும்பைத் தேய்க்குமா என்றால், முப்பது வருடம் தினமும் தட்டினால் தேய்க்கும்.

இது செட்டிநாட்டுக்கு மட்டும் சொந்தமான சாமான் இல்லை. லண்டனில் ஜோசப் மாக்ஸன் 1683-ல் வெளியிடத் தொடங்கிய அச்சுத்தொழில் கையேட்டிலேயே இதே பெயரில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே இது பாக்ஸ் என்கிற ஒரு மரத்தில் செய்தது. கெட்டியான மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள், வேலை ஒன்றுதான். பின்னால் பல் வைத்த இரும்பு ஆப்புகள் வந்தன. இரண்டு இரும்பு ஆப்புகளுக்கு நடுவில் ஒரு சாவியை விட்டுத் திருகினால் போதும். கொட்டாப்புளியும் வேண்டாம், இந்தக் குச்சியும் வேண்டாம். ஆனால் பெரியப்பா வேலை பார்த்த பிரஸ்ஸில் கடைசிவரை மர ஆப்புதான். உள்ளூர் ஆசாரியிடம் சொன்னால் ஒரு மத்தியானத்தில் நூறு ஆப்பு செதுக்கிக் கொடுத்துவிடுவார், காசு கொடுத்துச் சாவி ஆப்பு வாங்க முதலாளிக்கு என்ன அவசியம் என்று கேட்டார்.

வாயால் சொன்னது போதாது என்று பட்டதோ என்னவோ, எழுந்து உள்ளே போனார். பரணுக்கடியிலிருந்து உடைந்த சிலேட்டின் மரச்சட்டத்தை எடுத்து வந்தார். கல் இல்லை, சட்டம் மட்டும். பேரனுடைய மரக்கட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார். கலர் அடித்த சதுரக் கட்டைகள். சிமெண்டுத் திண்ணையில் சட்டத்தை வைத்து, அதற்குள் கட்டைகளை வரிசை வரிசையாக நிறுத்தினார். இரண்டு பக்கம் மரச் சிம்புகள். ஒரு தேக்குத் துண்டைக் கத்தியால் சீவி இரண்டு ஆப்பு செய்தார். அந்த விரல்கள் எவ்வளவு வேகமாகச் செய்தன என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். சட்டைப் பித்தானைப் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

கொட்டாப்புளிக்கு எங்கே போவது? பெரியம்மா அடுப்படியிலிருந்து பருப்பு மத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "கழுவித் தரணும்" என்று ஒரு வார்த்தை.

முதலில் ஆப்புகளை விரலாலேயே தள்ளினார். பிறகு ஒரு தட்டைப் பலகையைக் கட்டைகளின் தலைமேல் வைத்து மத்தால் லேசாகத் தட்டினார். எல்லாக் கட்டையும் தரையில் சமமாக உட்கார வேண்டும். உட்காராமல் எழும்பி நிற்கிற எழுத்து தாளைக் கிழிக்கும். அதன்பிறகுதான் இரும்பு. ஒரு ஆப்பில் இரண்டு தட்டு, அடுத்த ஆப்பில் இரண்டு தட்டு, திரும்ப முதல் ஆப்பு. ஒரே ஆப்பை முழுக்க அடித்தால் பக்கம் கோணிவிடும். ரொம்ப அடித்தால் நடு வயிறு மேலே புடைத்துக்கொண்டு எழுத்து எழும்பும். சத்தம் மாறுவதைக் கேள் என்றார். முதலில் டொக் டொக் என்றிருந்தது. இறுகியதும் டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"இப்பத் தூக்கு" என்றார்.

தூக்கினேன். அடியில் எதுவும் இல்லாமல் அத்தனை கட்டைகளும் அந்தரத்தில் நின்றன.

அவருக்குத் திருப்தி இல்லை. சட்டத்தின் ஒரு மூலையை மட்டும் உயர்த்தி, அடியில் ஒரு துண்டு மரத்தை வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டையாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பச்சைக் கட்டை லேசாகக் கீழே இறங்கியது. "பாத்தியா, இது குட்டை வரி." பேரன் கடித்துக் கடித்து அந்தக் கட்டை ஒரு மயிரிழை தேய்ந்திருந்தது. சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து, கிழித்து, மடித்து, அந்த வரிசையின் ஓரத்தில் சொருகினார். திரும்ப இறுக்கினார். இப்போது எந்தக் கட்டையும் அசையவில்லை.

அந்த பஸ் டிக்கெட்டில்தான் எனக்குப் புரிந்தது. நான் தினமும் கணினியில் வரிகளின் இரண்டு ஓரத்தையும் ஒரே நேராக நிறுத்துகிறேன். ஜஸ்டிஃபை என்று ஒரு பட்டன், ஒரே தட்டு. பார்க்க அழகாக இருப்பதற்காகச் செய்கிறோம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அழகு அப்புறம். ஈய எழுத்தில் எல்லா வரியும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் பக்கமே நிற்காது. ஆப்பு நீளமான வரிகளைத்தான் கவ்வும். மயிரிழை குறைந்த வரி, சுற்றிலும் எல்லாம் இறுகியிருக்கும்போதும், தனியாக ஆடிக்கொண்டிருக்கும். பாட்டு வரியானாலும், பத்தியின் கடைசியில் ஒரே ஒரு சொல் நிற்கிற வரியானாலும் மீதி இடத்தை வெற்று ஈயத்தால் அடைத்தே தீர வேண்டும். அதுவும் தமிழில் ஒரு சொல்லே பாதி வரிக்கு நீளும். இடைவெளி இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். அந்த இரண்டு மூன்று இடத்துக்குள் மெல்லிய ஈயத் துண்டு, அதுவும் போதாவிட்டால் அட்டை, காகிதம் என்று வைத்துச் சரிக்கட்ட வேண்டும். கோத்தவர் எங்கே அவசரப்பட்டார் என்பது ஆப்பு அடிக்கும்போது தெரிந்துவிடும். பெரியப்பா வேலை கற்ற பிரஸ்ஸில் ஃபோர்மேன் ஆப்பு அடிக்கும் நேரத்தில் கோத்தவர்கள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்களாம். எந்த வரி யாருடையது என்று ஃபோர்மேன் கேட்பதற்கு முன்னாலேயே அவரவர் ஒப்புக்கொள்வார்களாம்.

டிரெடிலில் இது இன்னும் முக்கியம். கால் மிதி அச்சு இயந்திரத்தில் சட்டம் படுத்திருக்காது, ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும். மணிக்கு ஆயிரம் தடவை தாள் வந்து அதில் மோதும். இறுக்கம் குறைந்தால் ஒரு எழுத்து நழுவும், அந்த ஓட்டை வழியாக அடுத்தது, பிறகு வரி, பிறகு பக்கமே கொட்டிவிடும். கொட்டிய எழுத்துகளைப் பொறுக்கி, பிரித்து, மறுபடி கேஸில், அதாவது அறை அறையாக இருக்கிற எழுத்துப் பெட்டியில், போட ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? பங்குனி சித்திரை வெயிலில் மரம் சுருங்கிவிடும். "ராத்திரி இறுக்கி வச்ச ஃபாரம் காலையில லொடலொடன்னு கெடக்கும். வந்ததும் செருப்பைக் கழட்டி, சாமி படத்தைக் கும்பிட்டு, அடுத்தது ஆப்புதான்" என்றார்.

பேசிக்கொண்டே ஒரு ஆப்பை விரலால் நெம்பி உருவினார். அத்தனை கட்டைகளும் திண்ணையில் சிதறின. "ஆப்பசைத்த குரங்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவரே குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

ஈயத் தீற்றலைக் காட்டினேன். அதுவரை உற்சாகமாக இருந்தவர் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். அந்த இடத்தில் ஈயம் ஒட்டக் கூடாது என்றார். இது மரத்தைத் தொடுகிற சாமான். ஈயம் இருக்கிறது என்றால் எப்போதோ யார் கையிலோ இது வழுக்கி எழுத்தின்மேல் விழுந்திருக்கிறது.

அவர் கையிலும் ஒரு தடவை விழுந்திருக்கிறது. முதல் வருடம் எழுத்தைப் பிரித்துப் போடுகிற வேலை மட்டும். இரண்டாம் வருடம் கோக்க விட்டார்கள். ஆப்பு அடிக்க மட்டும் நாலு வருடத்துக்கு யாரையும் தொடவிட மாட்டார்கள். ஒரு செட்டியார் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்குத் தேவாரத் திரட்டு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. இங்கே அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு அப்படி ஒரு பக்திப் புத்தகம் கொடுப்பது வழக்கம். ஃபோர்மேன் சாப்பிடப் போன நேரத்தில், டிரெடில்காரர் அவசரப்படுத்த, இவர் ஆப்பைத் தட்டியிருக்கிறார். மூன்றாவது தட்டில் நுனி ஆப்பின் மூலையைவிட்டு நழுவி முதல் வரியில் விழுந்தது. மூன்று எழுத்துகளின் முகம் சப்பை. அதில் ஒன்று பழைய லை, யானைத் தும்பிக்கைபோல் முன்னால் கொம்பு வளைந்து நிற்குமே, அந்த லை. 1978-ல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முந்திய காலம். அந்த அளவில் அந்த லை கேஸில் கொஞ்சம்தான் இருந்ததாம், அத்தனையும் அடுத்த பக்கங்களில் கோத்து நின்றுகொண்டிருந்தன. ஒரு லைக்காக ஒரு பக்கம் அச்சாகி முடியும்வரை காத்திருந்து, அதிலிருந்து உருவி எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். ஃபோர்மேன் திட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பாவை நிறுத்தி, வெறும் சேஸில் வெற்றுக் கட்டைகளை வைத்து, இருட்டும்வரை ஆப்பு அடிக்க வைத்திருக்கிறார். கட்டைவிரல் அப்படிப் படுத்துக்கொள்ளப் பழகியது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கோட்டையூர் என்றால் ரோஜா முத்தையா வாழ்ந்த ஊர். போர்டு எழுதுகிற கலைஞராக இருந்து, கையில் கிடைத்த காசையெல்லாம் பழைய புத்தகத்துக்கும் இதழுக்கும் நோட்டீஸுக்கும் போட்டவர். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னைக்குக் கொண்டுபோய் நூலகமாக்கியது. காரைக்குடியில் 1920-ல் தனவைசிய ஊழியன் என்ற இதழ் தொடங்கப்பட்டு, பிறகு ராய. சொக்கலிங்கம் அதன் ஆசிரியராக இருந்ததையும், ராயவரத்து வை. கோவிந்தன் சென்னைக்குப் போய் சக்தி இதழை நடத்தியதையும் இங்கே படித்தவர்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்வேன். அச்சானது எல்லாம் எங்கேயாவது ஒரு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அச்சடிக்க உதவிய சாமான்களில் கண்ணுக்கு லட்சணமானவை மட்டும் தப்பித்தன. எழுத்துக் கேஸை நிமிர்த்திச் சுவரில் மாட்டி, அறை அறைக்கும் குட்டிப் பொம்மை வைத்திருக்கிற விடுதியை நான் பார்த்திருக்கிறேன். கம்போசிங் ஸ்டிக் பித்தளையாக இருந்தால் நல்ல விலை. ஈய எழுத்துகள் கிலோக் கணக்கில் உருக்கப் போயின. இந்தக் குச்சியைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அதனால் பழைய இரும்போடு போயிருக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு பக்கத்தில் இருந்த அத்தனை எழுத்தையும் கொட்டாமல் காத்தது இந்தக் குச்சி தள்ளிய ஆப்புதான். இங்கே யாருக்காவது வீட்டில், பரணில், கொல்லையில் இப்படி நுனியில் படி வெட்டிய ஒரு சாண் இரும்போ மரமோ கிடந்தால், எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தலை விரியாமல் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். நுனி ஒரு மரத்துண்டின் மூலையில் உட்கார்ந்து நிற்கிறதா பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஈயம் பட்ட சாமானைத் தொட்டால் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அடுத்த வாரம் கடைக்காரத் தம்பியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். உளி இல்லை என்றதும் விலையைக் குறைத்துவிட்டோமே என்று அவன் வருந்தவில்லை. உட்கார்ந்து முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "மரத்துல ஆப்புன்னா எப்படிக்கா இருக்கும்?" என்றான். விரலால் மேசைமேல் வரைந்து காட்டினேன். இவ்வளவு நீளம், ஒரு பக்கம் சாய்வு, கறுப்பாக இருக்கும்.

ஒன்றும் பேசாமல் எழுந்து, நான் அன்றைக்குக் கை ஊன்றிய பீரோவின் பக்கம் போனான். தரை சமமில்லாத இடத்தில் ஒரு காலுக்கு அடியில் மரத்துண்டுகளைச் சொருகி வைத்திருந்தான். ஒரு ஆளைக் கூப்பிட்டு பீரோவைத் தூக்கச் சொல்லி, அவற்றை உருவி என் கையில் கொடுத்தான். நாலு. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் சட்டியோடு சேர்த்து வாங்கிய மூட்டையில் கிடந்ததாம். அந்த இடத்தில் அட்டையை மடித்து வைத்துவிட்டான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

நாலும் மை ஊறிக் கறுத்திருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு மூலை நசுங்கிப் பள்ளமாக இருந்தது. இரும்பின் நுனியை அதில் வைத்தேன். அசையாமல் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அளந்தார். மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது நாலும் பெரிய ஃபாரத்துக்கு உள்ளது" என்றார். "சின்ன ஆப்பு ரெண்டு கூடவே கெடக்குமே, அதை அந்தப் பையன்ட்ட நல்லாத் தேடச் சொல்லுத்தா."